கம்பியில்லா இணையமும் கணக்கெழுதும் பெண்ணும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்கண்டிகையிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் பெரிய ஆலைகளுக்கு நடுவே எத்தனையோ சிறு பட்டறைகள் இருக்கின்றன. இரும்பைக் கடைவது, தகட்டை வெட்டுவது, வார்ப்படங்களைத் தேய்த்து மெருகிடுவது போன்ற வேலைகள் பின்கட்டில் நடக்கும். முன்பக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் இரும்பு அலமாரி, சுவரில் ஒரு நாட்காட்டி. அங்கே உட்கார்ந்து கணக்கெழுதுபவர் பெரும்பாலும் நம் வீடுகளைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து வணிகவியல் படித்துவிட்டு வந்த பெண்பிள்ளை. இம்மாதம் அந்த அறையையும், அங்கே அடிக்கடி அறுந்துபோகும் கம்பியில்லா இணைய இணைப்பையும் பற்றி எழுத எண்ணுகிறேன். வைஃபை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான்.

பங்குக் குருவானவர் எழுதவேண்டிய விஷயமா இது என்று சிலர் கேட்கக்கூடும். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, வேலையிடத்தில் வாங்கிய ஏச்சைக் கண்கலங்கச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அந்த இணைப்பை நம்பி என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர மாநிலம். எல்லையைக் கடந்து செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயை மிஞ்சினால் இ-வே பில் எடுத்தாக வேண்டும் என்னும் விதி 2018 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்டு முதல் விற்பனைப் பட்டியலையே இணையத்தின் வழியாகப் பதிந்து எண் பெறவேண்டும். லாரி வாசலில் நிற்கும். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். தொழிலாளரின் வைப்புநிதியும் இ.எஸ்.ஐ. சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தருவோர்க்கு 20-ஆம் தேதி கெடு; தவறினால் வரி கட்டவேண்டியவர்க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைத் தட்டுவதற்குள் இணைப்பு அறுந்தால், அந்த எண் காலாவதியாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"என்னம்மா, இன்னுமா பில் வரவில்லை?" என்பார் முதலாளி.

"சுற்றிக்கொண்டே இருக்கிறது, சார்."

"பக்கத்துக் கம்பெனியில் மட்டும் எப்படி வருகிறது?"

இந்தக் கேள்விக்கு அப்பிள்ளையிடம் விடையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பழுதாகிவிட்டால், கண்ணுக்குத் தெரிகின்றவர்மேல் பழி விழுவது உலக வழக்கமாயிருக்கிறது. நான் அறிந்த ஒரு பட்டறையில் ஒருமுறை தாமதக் கட்டணத்தையே கணக்கெழுதும் பெண்ணின் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அந்த முதலாளி கொடியவர் அல்லர். காரணம் அறியாதவர், அவ்வளவே. இணைப்பின் வேகம் போதவில்லை என்று எண்ணி முன்பே கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறியிருந்தார்; நான்கு கொம்புள்ள புதிய ரூட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். இரண்டினாலும் பயன் விளையவில்லை. வேகம் வேறு, நிலைத்து நிற்றல் வேறு. ஒரு விற்பனைப் பட்டியலைப் பதிவதற்குப் பெரிய வேகம் எதுவும் வேண்டுவதில்லை. குறுகிய சாலையாயினும் பழுதின்றி இருந்தால் லாரி போய்ச் சேரும். நடுவே பாலம் உடைந்திருந்தால் எட்டுவழிச் சாலையாலும் ஆவதில்லை.

ஆகவே முதல் வேலை, பாலம் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இணையம் நம் மேசைக்கு வரும் பாதை இரண்டு பகுதிகளைக் கொண்டது. தெருக்கம்பத்திலிருந்து கண்ணாடி இழை வழியாக ஒளியாய் வந்து அறையிலுள்ள பெட்டியில் முடிவது முதற்பகுதி. அப்பெட்டியிலிருந்து காற்றின் வழியே கணினிக்கு வருவது இரண்டாம் பகுதி. முதற்பகுதி சேவை நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாம் பகுதி நம்முடையது. திரையோரத்தில் விசிறிபோல் விரிந்து தோன்றும் கோடுகள் இரண்டாம் பகுதியை மட்டுமே காட்டுகின்றன. கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் வராமலிருப்பது இதனாலேயே. பலரை ஏமாற்றுவது இந்தச் சிறு விசிறிதான்.

சோதனை எளிது. ஒரு லேன் கம்பியை வாங்கி, கணினியை ரூட்டருடன் நேரடியாக இணையுங்கள். கணினியில் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரு முழு வேலைநாள் அப்படியே வேலை செய்யுங்கள். கம்பியில் சீராக வந்து, காற்றில் மட்டும் அறுந்தால் குறை நம் அறைக்குள்ளே இருக்கிறது. கம்பியிலும் அறுந்தால் ரூட்டரிலோ, அதற்கு வரும் மின்சாரத்திலோ, வெளியிலிருந்து வரும் இழையிலோ இருக்கிறது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாய் எரிந்தால் அல்லது சிமிட்டினால், வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. சேவை நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

இதனினும் நுட்பமாக அறிய விரும்புவோர்க்கு 'பிங்' என்றொரு கட்டளை உண்டு. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்பதன்பின் ரூட்டரின் எண்ணைத் தட்டினால், கணினி அதனைக் கூப்பிட்டு மறுமொழி வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று எழுதிக் காட்டும். அந்த எண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும், ரூட்டரின் அடிப்புறச் சீட்டில் காணலாம். இறுதியில் ஒரு சிறுகோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால், நாம் நிறுத்தும்வரை கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும். இப்படி ஒரு திரையில் ரூட்டரையும், மற்றொரு திரையில் 8.8.8.8 என்னும் கூகுள் நிறுவனத்தின் பொது எண்ணையும் கூப்பிடவிட்டு வேலையைப் பாருங்கள். இணைப்பு அறும்போது இரண்டிலும் மறுமொழி நின்றால் குறை அறைக்குள்ளே. முதலாவது ஒழுங்காயிருக்க இரண்டாவது மட்டும் நின்றால் குறை வெளியே. வழக்கை விசாரிக்க இரண்டு சாட்சிகளை நிறுத்தியது போலாகும்.

மேற்சொன்ன பட்டறையில் கம்பியிலும் இணைப்பு அறுந்தது. ஆயினும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அப்பெண்ணிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகத்தில், அறும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, பெட்டியில் எந்த விளக்கு எரிந்தது, பட்டறையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று மூன்றே விஷயங்களை எழுதச் சொன்னோம். ஒரு வாரத்தில் உண்மை வெளிப்பட்டுவிட்டது. அறுந்தபோதெல்லாம் ரூட்டரின் விளக்குகள் யாவும் ஒருகணம் அணைந்து மீண்டும் எரிந்திருக்கின்றன. பெரும்பாலான முறைகளில் அதற்குச் சற்றுமுன் பின்கட்டில் காற்றழுத்தும் கம்பிரசர் ஓடத் தொடங்கியிருக்கிறது.

வெல்டிங் பொறியிலிருந்தும் கம்பிரசரிலிருந்தும் 'அலை' கிளம்பி வைஃபையைக் கெடுக்கிறது என்று தொழிற்பேட்டையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வைஃபை இயங்கும் அலைவரிசை மிக உயர்ந்தது. இப்பொறிகள் எழுப்பும் மின்னிரைச்சலின் பெரும்பகுதி அதற்கு வெகு கீழேயே அடங்கிவிடும். கேடு பெரும்பாலும் மின்கம்பியின் வழியாகவே வருகிறது. நேரடியாக மின்சாரத்தில் இணைக்கப்பட்ட பெரிய மோட்டார், ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட ஆறு மடங்கு அளவுக்குக்கூட மின்சாரத்தை இழுக்கும். அதே இணைப்பிலுள்ள விளக்குகள் மங்கித் தெளிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரூட்டருக்கு 12 வோல்ட் தரும் சிறு அடாப்டர் நல்ல நிலையில் இருந்தால் இந்த மங்கலைத் தாங்கிக்கொள்ளும். முதிர்ந்துபோயிருந்தால் தாங்காது. அதனுள் மின்சாரத்தைக் கணநேரம் தேக்கி வைக்கும் மின்தேக்கி இருக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலாளர் கைக்கொள்ளும் கணக்கு. தகரக் கூரையின்கீழ் சித்திரை, வைகாசி மாதங்களைக் கழிக்கும் அடாப்டரின் கதியை எண்ணிப்பாருங்கள்! ஒருகணம் மின்னழுத்தம் தாழ்ந்தால் ரூட்டர் அணைந்து எழுகிறது. எழுந்து, வெளியுலகோடு மீண்டும் கைகோத்துக்கொள்ள இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. அதற்குள் ஓ.டி.பி. போய்விடும்.

பட்டறையின் எலெக்ட்ரீஷியன் அண்ணன் அரைமணி நேரத்தில் இதைச் சரிசெய்தார். அதே வோல்ட், குறையாத ஆம்பியர் உள்ள புதிய அடாப்டரைப் பொருத்தினார். ஆம்பியர் குறைந்த வேறு கருவியின் அடாப்டரைக் கையில் கிடைத்தது என்று செருகிவிடுவது நம்மவரின் தீராத பழக்கம். ரூட்டர் எரியும், ஆனால் பலர் ஒருங்கே பயன்படுத்தும்போது தள்ளாடும். பின்னர் ரூட்டருக்கென்றே விற்கும் சிறு மின்கலப்பெட்டி ஒன்றையும் இடையில் வைத்தார். இழை வந்து முடியும் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருக்கும் இடங்களில் இரண்டுக்கும் அது வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டு இன்னும் அறுகிறதே என்று வருந்துவோர் உண்டு. அலுவலகத்தில் இன்வெர்ட்டர் வைத்திருப்போர் அதன் பின்புறமுள்ள விசையைப் பாருங்கள். அதை யூ.பி.எஸ். நிலையில் வைத்தால்தான் மின்தடையின்போது இடைவெளியின்றி மாறும். சாதாரண நிலையில் மாறுவதற்கு ஆகும் சிறுபொழுதே ரூட்டரை அணைக்கப் போதுமானது.

அடாப்டர் மாறியபின் பெரும்பகுதித் தொல்லை தீர்ந்தது. மீந்தது காற்றின் பகுதி.

பல அலுவலகங்களில் ரூட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? திருட்டுக்கு அஞ்சி இரும்பு அலமாரிக்குள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அரைச்சாணைவிடச் சற்று மிகுதி. இரும்புத் தகடு இவ்வலையை ஊடுருவ விடாது, திருப்பியடித்துவிடும். தகரச் சுவரும் அப்படியே. 1890-களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவரைத் தாண்டிச் செலுத்தி மணியடிக்கச் செய்து காட்டினார். அது செங்கல் சுவர். தகரக் கொட்டகையில் செய்திருந்தால் மணி அடித்திருக்காது. தண்ணீர் இவ்வலையை விழுங்கும். மூலையில் அடுக்கி வைத்த இருபது லிட்டர் குடிநீர்க் கேன்களுக்குப் பின்னால் ரூட்டர் இருந்தால், கேன் நிறைந்த காலையில் இணைப்பு மெலிந்தும் கேன் காலியாகும் மாலையில் வலுத்தும் இருக்கலாம்; காரணம் புரியாமல் கணினியைக் குறைசொல்வோம். வெயிலுக்காகச் சன்னல் கண்ணாடியில் ஒட்டும் பளபளப்பான தாளில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் தடுக்கும். ரூட்டரைத் தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில், கொம்புகள் நிமிர்ந்து நிற்குமாறு வையுங்கள். நிமிர்ந்த கொம்பு அலையைப் பக்கவாட்டில் பரப்பும். ஒரே தளத்திலுள்ள மேசைகளுக்கு அதுவே வேண்டியது.

அடுத்தது கூட்டம். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும், தீவுகளில் சிதறிக்கிடந்த முனையங்களை ஒரே வானொலி அலைவரிசையின் வழியாக ஒரு கணினியோடு இணைத்தார்கள். அலோகாநெட் என்பது அதன் பெயர். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இருவர் ஒருங்கே அனுப்பி மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் வெவ்வேறு சிறுபொழுது காத்திருந்து மீண்டும் அனுப்பவேண்டும் என்பதே ஏற்பாடு. இன்றைய வைஃபை அந்த வழியில் வந்ததே. கூடுதலாக, பேசுமுன் பிறர் பேசுகிறாரா என்று கேட்டுக்கொள்ளும் நாகரிகம் இதற்கு உண்டு. ஆகவே ஓரறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். நாற்பது கைப்பேசிகள் இணைந்திருந்தால் நாற்பது பேரும் முறைக்குக் காத்திருக்கிறார்கள். தொலைவில், தகரச் சுவருக்கு அப்பால் நிற்கும் கைப்பேசி மெதுவாக, திரும்பத் திரும்பப் பேசுமாதலால், மற்ற எல்லோருடைய நேரத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

அண்டை அலுவலகங்களும் இதே காற்றில்தான் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 தடங்கள் இருப்பதாக எண் போட்டிருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. கைப்பேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தால் எதில் நெரிசல் குறைவு என்று தெரியும். ரூட்டரை அதில் நிறுத்துங்கள். மூன்றுக்கும் நடுவே 3, 4 என்று வைத்தால் இரு பக்கத்தாரோடும் மோத நேரும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் சுவரைத் தாண்டும் வலிமை குறைவு. ரூட்டர் இருக்கும் அறையிலேயே கணினியும் இருந்தால் அதுவே சிறந்தது. அதன் நடுத்தடங்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ராடார் ஒலி கேட்டதாகத் தோன்றினால் ரூட்டர் அவ்விடத்தை விட்டு விலகும்படி அமைத்திருக்கிறார்கள், அப்போது இணைப்பு துண்டிக்கப்படும். பழவேற்காட்டு ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு ராடார் புதிய சொல்லன்று. 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை உள்ள தடங்களில் இந்தக் கவலை இல்லை.

நாற்பது கைப்பேசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடவுச்சொல்லை மாற்றித் தொழிலாளர் யாவரையும் வெளியேற்றிவிட்டால் தீர்ந்தது என்று சில முதலாளிகள் முடிவு செய்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பட்டறைகளில் உழைக்கும் பிள்ளைகள், தேநீர் இடைவேளையில் தம் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் பத்து நிமிடம் அது. இப்போதைய ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் 'கெஸ்ட்' என்று விருந்தினருக்கான தனி இணைப்பை அமைக்கலாம். பலவற்றில் அதற்கு வேக வரம்பும் விதிக்கலாம். அவர்களை அதில் விட்டுவிட்டு, அலுவலகக் கணினியைக் கம்பியில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பதிவும் இடரின்றி நடக்கும். கணக்குக் கோப்புகளும் பிறர் எட்டாத தனி இணைப்பில் இருக்கும். உண்மையில் மிகுதியாக இழுப்பது பெரும்பாலும் அவர்கள் அல்லர். முதலாளி வீட்டிலிருந்து பார்ப்பதற்காக இரவும் பகலும் படம் அனுப்பிக்கொண்டிருக்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

சில்லறைக் காரணங்கள் சில. பழைய ரூட்டரைக் கழற்றாமல் புதியதை அதனோடு சேர்த்திருந்தால், இரண்டும் போட்டியிட்டுக் கணினிகளுக்கு எண் வழங்கிக் குழப்பும். ஒன்றில் அந்த வேலையை நிறுத்தவேண்டும். வருகைப்பதிவுப் பொறிக்கும் அச்சுப்பொறிக்கும் கையால் கொடுத்த நிலையான எண், வேறொரு கணினிக்கும் போய்விட்டால் இரண்டும் மாறி மாறி அறும். யூ.எஸ்.பி. 3 வகை வெளித் தட்டும் அதன் கம்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். வைஃபைச் செருகியை அதனருகே செருகாதீர்கள். பின்கட்டுக்கும் இணைப்பு வேண்டுமென்று எக்ஸ்டெண்டர் வாங்குவோர், அதை இணைப்பு மெலிந்த இடத்திலேயே மாட்டுகிறார்கள். மெலிந்ததை வாங்கி மெலிந்ததையே அது பரப்பும். லேன் கம்பி 100 மீட்டர்வரை செல்லும். மின்கம்பி ஓடும் குழாயில் சேர்க்காமல் தனிக்குழாயில் இழுத்து, மறுமுனையில் இன்னொரு ரூட்டரை அக்சஸ் பாயிண்ட் என்னும் நிலையில் வைப்பதே நீண்டகாலத்துக்கு நல்லது.

இவ்வளவும் பார்த்தபின்னும் குறை வெளியில் இருக்குமானால், தொழிற்பேட்டையில் அதற்குக் குறைவில்லை. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழையைக் கிரேனின் கை தட்டும், உயரமாகச் சரக்கேற்றிய லாரி இழுத்துச் செல்லும், அணில் கடிக்கும். முற்றும் அறாமல் ஓரிடத்தில் கூர்மையாக மடிந்திருந்தாலும் ஒளி கசிந்து வலுவிழக்கும். காற்றடிக்கும்போது வரும், போகும். அலுவலகத்துக்குள் நாற்காலிக் காலில் சிக்கி மடிந்த இழையையும் பாருங்கள்.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற விடையே கிடைக்கும். "கம்பியில் இணைத்தும் அறுகிறது, ரூட்டர் மறுமொழி தருகிறது, வெளியெண் தரவில்லை, செவ்வாய்க்கிழமை 11.20-க்கும் 3.05-க்கும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவந்தது" என்று நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பேச்சின் தன்மையே மாறிவிடும். ஒவ்வொரு புகாருக்கும் அவர்கள் ஒரு பதிவெண் தரக் கடமைப்பட்டவர்கள். அதைக் கேட்டு வாங்கி, அதே பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். குறை தீராவிட்டால் அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல அந்த எண் வேண்டியிருக்கும். அப்பட்டறையின் முதலாளியும் இப்போது மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் முதலில் கேட்பது அந்த நோட்டுப்புத்தகத்தைத்தான். பிடித்த தொகையை அடுத்த சம்பளத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.